நிச்சயத்தால் வீழ்ந்த கோப்பியும் சோதனையால் எழுந்த தேயிலையும்: ஜேம்ஸ் டெய்லரின் வாழ்வு தரும் பாடம்

மலையகத்தின் வரலாறு பேசப்படும் போதெல்லாம் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரரின் பெயர் தவறாமல் இடம்பெறுகின்றது. இலங்கையில் வர்த்தக அளவில் தேயிலையைப் பயிரிட்ட முன்னோடி என்று பாடநூல்கள் அவரைக் குறிப்பிடுகின்றன. 2017 ஆம் ஆண்டில் இலங்கைத் தேயிலையின் 150 ஆவது ஆண்டு நிறைவு கொண்டாடப்பட்ட போதும் அவரே நினைவுகூரப்பட்டார். ஆயினும் அவரைப் பற்றி நம்மிடையே பரவலாக நிலவும் கருத்தொன்று மறுபரிசீலனைக்கு உரியது. கோப்பிப் பயிர் அழியப் போகின்றது என்பதை முன்கூட்டியே உணர்ந்து, அதற்கு மாற்றாக அவர் தேயிலையை நாட்டினார் என்பதே அக்கருத்தாகும்.

ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் இக்கதை பொருந்தவில்லை. டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நாட்டியது 1867 ஆம் ஆண்டிலாகும். கோப்பியை அழித்த இலை நோய் இனங்காணப்பட்டுப் பெயரிடப்பட்டதோ 1869 ஆம் ஆண்டில். எனவே அவர் எதிர்காலத்தை அறிந்த தீர்க்கதரிசி அல்லர். தம்மைச் சூழ்ந்திருந்தவர்கள் கொண்டிருந்த அளவுகடந்த நிச்சயம் அவரிடம் இருக்கவில்லை என்பதே உண்மை. ஒரு பயிரைப் பற்றிய தீர்ப்பை அந்தப் பயிரே வழங்கட்டும் என்று காத்திருந்து பார்க்கும் பொறுமை அவரிடம் இருந்தது. மனிதன் தன் கணிப்பின் மீதும் நம்பிக்கையின் மீதும் வைக்கும் மிதமிஞ்சிய உறுதி எத்தகைய விளைவுகளைத் தரும் என்பதை ஆராய விரும்புவோருக்கு, இம்மனிதரின் வாழ்வும் அவர் வாழ்ந்த காலமும் தரும் பாடம் பெரிது.

1835 மார்ச் 29 ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் கிழக்குப் பகுதியில், ஓக்கன்பிளே என்ற சிற்றூருக்கு அண்மையில் டெய்லர் பிறந்தார். தந்தை வண்டிச் சக்கரம் செய்யும் தொழிலாளி. சிறு பராயத்திலேயே தாயை இழந்த டெய்லர், பதின்பருவத்தில் சிறிது காலம் பள்ளியில் இளம் உதவி ஆசிரியராகவும் இருந்தார். கடல் கடந்து சென்றால் வாழ்வு மலரும் என்ற எண்ணம் அன்றைய ஸ்கொட்லாந்து இளைஞர் பலரிடம் இருந்தது. அவ்வெண்ணத்தோடு, ஆண்டொன்றுக்கு 100 பவுண் சம்பளத்தில் கோப்பித் தோட்டமொன்றின் உதவி மேற்பார்வையாளராகப் பணிபுரிய ஒப்பந்தம் செய்துகொண்டு, 1852 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் இலங்கையை வந்தடைந்தார். அப்போது அவருக்குப் பதினேழு வயதுகூட நிறைந்திருக்கவில்லை. கண்டிக்குத் தென்கிழக்கே ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில் அமர்த்தப்பட்ட அவர், மரணம் வரை நாற்பது ஆண்டுகள் அத்தோட்டத்திலேயே வாழ்ந்தார். தாயகத்துக்கு ஒருமுறைகூடத் திரும்பிச் செல்லவில்லை.

அவர் வந்திறங்கிய காலத்தில் மலைநாடு முழுவதும் கோப்பியின் ஆட்சி நிலவியது. 1820களில் கம்பளைப் பகுதியில் தொடங்கிய கோப்பிச் செய்கை, 1840களில் பெருவெறியாக மாறியிருந்தது. ஆளுநர் முதல் படை அதிகாரி வரை, நீதிபதி முதல் மதகுரு வரை காணி வாங்கிக் கோப்பி நாட்டினர். 1847 ஆம் ஆண்டளவில் விலை சரிந்து பலர் நொடித்துப் போயினர். ஆனால் விலை மீண்டதும் அந்த வீழ்ச்சியின் பாடம் மறக்கப்பட்டது. 1854 இல் தோட்டத்துரைமார் தமக்கெனச் சங்கமொன்றை அமைத்துக் கொண்டனர். காடுகள் மேலும் மேலும் வெட்டி எரிக்கப்பட்டன. ஒரே பயிர் மலைக்கு மலை, பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு இடைவெளியின்றிப் பரவியது.

இந்தச் செழிப்பின் அடித்தளத்தில் இருந்தவர்கள் யார் என்பதை நாம் மறந்துவிடலாகாது. தென்னிந்தியத் தமிழ்க் கிராமங்களிலிருந்து பஞ்சத்தாலும் கடனாலும் விரட்டப்பட்ட மக்கள், கங்காணிமாரின் பின்னே கடலைக் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் வழியிலேயே பலரைப் பலிகொண்டன. கிராமங்களிலோ சிங்கள விவசாயிகள் தம் வீட்டுத் தோட்டங்களிலும் கோப்பி வளர்த்தனர். அதை வாங்கிச் சேர்த்துச் சந்தைக்கு அனுப்பும் வணிகத்தில் முஸ்லிம் வர்த்தகர்கள் முக்கிய பங்கு வகித்தனர். ஆக, கோப்பியின் மீது வைக்கப்பட்ட நம்பிக்கை தோட்டத்துரைமாரோடு நிற்கவில்லை. அவர்களின் கணிப்புப் பிழைத்தால் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என எல்லோருடைய அடுப்பும் அணைய வேண்டிய நிலை உருவாகியிருந்தது.

இத்தகைய சூழலில்தான் டெய்லர் லூல்கந்துரவில் தம் பணியை மேற்கொண்டார். அவரும் கோப்பி வளர்க்க வந்தவரே. கோப்பியை அவர் கைவிடவில்லை. ஆனால் அதோடு வேறு பயிர்களையும் முயன்று பார்த்தார். காய்ச்சலுக்கு மருந்தாகும் கொயினா எடுக்கப்படும் சிங்கோனா மரத்தை 1860களில் பயிரிட்ட முதல்வர்களுள் அவரும் ஒருவர். நுவரெலியாவுக்கு அருகிலுள்ள ஹக்கலை பூங்கா 1861 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டதே சிங்கோனாவைப் பரிசோதிப்பதற்காகத்தான் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. பேராதனைத் தாவரவியல் பூங்காவிலிருந்து தேயிலை விதைகளைப் பெற்று, முதலில் தோட்டப் பாதைகளின் ஓரங்களில் நாட்டிப் பார்த்தார். அவை வேரூன்றியதைக் கண்ட பின்னரே, தோட்ட உரிமையாளர்களின் விருப்பத்துக்கு இணங்க, அசாம் இனத் தேயிலையை 19 ஏக்கரில் நாட்டினார்.

இலங்கையில் தேயிலையை முதன்முதலில் நாட்டியவர் டெய்லர் அல்லர். அவருக்கு முன்பே, 1839 இல் அசாமிலிருந்து வந்த விதைகள் பேராதனையில் பயிரிடப்பட்டிருந்தன. 1840களின் தொடக்கத்தில் புசல்லாவைப் பகுதியில் வோர்ம்ஸ் சகோதரர்கள் சீனத் தேயிலையை நாட்டி முயன்றிருந்தனர். செலவு கட்டுப்படியாகாததால் அம்முயற்சிகள் கைவிடப்பட்டன. கோப்பி பணத்தை அள்ளித் தந்த காலத்தில், தேயிலை இந்நாட்டுக்கு உதவாது என்ற முடிவை மீண்டும் எடுத்துப் பார்க்கப் பெரும்பாலானோர் அக்கறை காட்டவில்லை. ஒருமுறை வழங்கப்பட்ட தீர்ப்பு அப்படியே நிலைபெற்றுவிட்டது. ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்குப் பின், லூல்கந்துர உரிமையாளர்கள் தூண்ட, டெய்லர் அதை மீண்டும் சோதித்துப் பார்த்தார். முன்னோர் தோற்றார்கள் என்பதை அவர் அறிந்திருந்தார். ஆனால் அவர்கள் தோற்றதிலிருந்து அப்பயிரே தோற்றுவிட்டது என்று முடிவு கட்டவில்லை.

அவர் கையாண்ட முறையும் கவனிக்கத்தக்கது. தேயிலை தயாரிப்பதில் தமக்கு அனுபவமில்லை என்பதை ஏற்றுக்கொண்டு, இந்தியாவின் கச்சார் பகுதியில் பணியாற்றிய ஒருவரிடமிருந்து கொழுந்து பறித்து வாட்டி உருட்டும் வித்தையைக் கற்றார். தம் பங்களாவின் விறாந்தையிலே மேசைகளை இட்டு, கையால் கொழுந்தை உருட்டச் செய்து, களிமண் அடுப்புகளில் கரி நெருப்பின் மேல் உலர்த்தினார். 1872 ஆம் ஆண்டளவில் நீர்ச்சக்கரத்தால் இயங்கும் உருட்டுப் பொறியோடு கூடிய சிறு தொழிற்சாலையை அமைத்தார். அப்பொறி அவரே வடிவமைத்ததாகும். 1873 இல் 23 இறாத்தல் லூல்கந்துர தேயிலை லண்டன் சந்தைக்குச் சென்றது. அதற்குப் பின்னரும் கற்றது போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. 1874 இல் டார்ஜிலிங் சென்று அங்குள்ள தேயிலைச் செய்கையை நேரில் பார்த்து வந்தார். நாற்பது ஆண்டுகளில் அவர் எடுத்த ஒரே விடுமுறை அதுவென்று கூறப்படுகின்றது. அதையும் தொழில் கற்பதற்கே செலவிட்டார்.

இதே காலத்தில் கோப்பித் தோட்டங்களில் நிகழ்ந்தது என்ன? 1869 ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறப் புள்ளிகள் தோன்றியிருப்பது பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவைட்ஸ் அவர்களின் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டது. மாதிரிகள் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட, பார்க்லி என்ற அறிஞர் அது இதுவரை அறியப்படாத ஒரு பூஞ்சணம் எனக் கண்டு ‘ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ்’ என்று பெயரிட்டார். அப்பெயரின் பின்பாதிக்கு நாசகாரி என்று பொருள். தோட்டத்துரைமாரோ அதை ‘எமிலி’ என்று பெண் பெயராக மாற்றிக் கேலி பேசினர். துவைட்ஸ் நிலைமை பாரதூரமானது என எச்சரித்த போதிலும், பெரும்பாலோர் அதைக் கடந்து போகும் தொல்லை என்றே கருதினர். மழையின் குறை என்றனர் சிலர். மண் களைத்துவிட்டது, கூடுதலாக எருவிட்டால் மரம் தேறிவிடும் என்றனர் வேறு சிலர்.

இவர்கள் மூடர்கள் அல்லர். இதை நாம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கின்றது. கணக்கு வழக்குகளில் வல்லவர்கள், காட்டை வெட்டித் தோட்டமாக்கிய அனுபவசாலிகள். அவர்களுடைய நம்பிக்கைக்குக் காரணங்களும் இருந்தன. 1870களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 இலட்சம் அந்தர் கோப்பி ஏற்றுமதியாகிக் கொண்டிருந்தது. நோய் பரவிய அதே ஆண்டுகளில் உலகச் சந்தையில் கோப்பியின் விலை உயர்ந்து சென்றது. ஏக்கருக்குக் கிடைத்த விளைச்சல் குறைந்த போதும் கைக்கு வந்த பணம் குறையவில்லை. பேரேட்டில் இலாபம் தெரிந்த வரையில் இலையில் தெரிந்த நோயை எவரும் பொருட்படுத்தவில்லை. மனிதனின் மிகை உறுதி பெரும்பாலும் இவ்வாறே வளர்கின்றது. தான் விரும்பும் முடிவுக்குச் சாதகமான சான்றைப் பெரிதாகவும், பாதகமான சான்றைச் சிறிதாகவும் காணும் இயல்பு கற்றோரையும் விட்டுவைப்பதில்லை.

ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா, டிம்புல்லப் பகுதிகளின் கதை இவ்வுண்மைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். இன்று தேயிலைக்குப் பெயர்பெற்ற இந்த உயர்நிலக் காடுகளில் பெரும்பகுதி, நோய் வந்த பின்னரே கோப்பிக்காக அழிக்கப்பட்டது. பழைய தோட்டங்களில் விளைச்சல் குறைந்ததைக் கண்டவர்கள், புதுமண்ணில் நோய் தாக்காது என்ற நம்பிக்கையில் மேலும் கடன் வாங்கி மேலும் உயரத்துக்குச் சென்றனர். நோயும் அவர்களின் பின்னே ஏறியது. கோப்பியின் வருவாயை நம்பி மலையேறிய புகையிரதப் பாதை 1874 இல் நாவலப்பிட்டியை அடைந்தது. அது ஹட்டனை எட்டியது 1884 இல், நானுஓயாவை எட்டியது 1885 இல். பாதை வந்து சேர்ந்த வேளையில் ஏற்றிச் செல்ல வேண்டிய கோப்பி மடிந்து கொண்டிருந்தது.

1880 இல் ஹரி மார்ஷல் வோர்ட் என்ற இளம் தாவரவியலாளர் நோயை ஆராய்வதற்காக இலங்கைக்கு அனுப்பப்பட்டார். அவருக்கு அப்போது வயது 26. சுமார் இரண்டு ஆண்டு காலம் அவர் நடத்திய ஆய்வு, நுண்ணிய வித்துகள் காற்றில் பறந்து இலைக்கு இலை தொற்றுவதை ஐயத்துக்கிடமின்றி நிறுவியது. தடுப்பாக மரங்களே இன்றி ஒரே பயிரை மலை முழுவதும் நாட்டியது நோய்க்கு வாசல் திறந்துவிட்ட செயல் என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். ஆனால் காலம் கடந்துவிட்டது. நோயை ஒழிக்கும் மருந்து அவரிடம் இருக்கவில்லை. மருந்தை எதிர்பார்த்திருந்தவர்களுக்கு அவருடைய அறிக்கை ஏமாற்றத்தையே தந்தது. கேட்க விரும்பாத உண்மையைச் சொல்பவனை வரவேற்கும் வழக்கம் எந்தக் காலத்திலும் அரிது.

1884 ஆம் ஆண்டில், கோப்பிக் கடனில் ஆழமாகச் சிக்கியிருந்த ஓரியண்டல் வங்கி வீழ்ந்தது. அதன் நாணயத் தாள்களுக்கு ஆளுநர் ஆதர் கோர்டன் அரசின் பொறுப்பை வழங்கியதால் நாட்டின் வர்த்தகம் முற்றாக முடங்கிப் போகாமல் தப்பியது. 1890 ஆம் ஆண்டளவில் கோப்பி ஏற்றுமதி முன்னிருந்த அளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. நூற்றுக்கணக்கான துரைமார் வெறுங்கையோடு நாட்டை விட்டு வெளியேறினர். பட்டுப்போன கோப்பி மரங்களின் தண்டுகள் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகித் தேநீர் மேசைகளுக்குக் கால்களாயின. வரலாறு சில வேளைகளில் கதாசிரியர்களையும் விஞ்சிவிடுகின்றது.

ஆனால் துரைமாரின் இழப்பை எழுதிய நூல்கள் தொழிலாளரின் இழப்பை அவ்வளவு விரிவாக எழுதவில்லை. நொடித்துப்போன தோட்டங்களில் மாதக்கணக்கான சம்பளம் நிலுவையில் நின்றது. கங்காணியிடம் பெற்ற முற்பணக் கடன் மட்டும் தீராமல் தொடர்ந்தது. கிராமத்துக் கோப்பியும் நோயில் அழிந்ததால் சிறு விவசாயியும், அதை நம்பி முதலிட்ட சிறு வர்த்தகரும் நலிந்தனர். எருவிட்டால் சரியாகும் என்று தீர்மானித்த சபைகளில் இவர்களுள் ஒருவருக்கும் இடமிருக்கவில்லை. தீர்மானிப்பவன் ஒருவன், விலை கொடுப்பவன் வேறொருவன் என்ற நிலை இருக்கும் போது, தீர்மானிப்பவனின் நிச்சயத்துக்குக் கடிவாளமே இல்லாமற் போகின்றது.

இந்த இருளில் வழி தேடியவர்களுக்கு லூல்கந்துரவின் சிறிய நிலம் கண்ணில் பட்டது. அங்கே தேயிலை பத்தாண்டுகளுக்கு மேலாக வளர்ந்து நின்றது. எந்த உயரத்தில், எந்தக் கவ்வாத்தில், எவ்வளவு இடைவெளியில் அது தழைக்கும் என்பது செய்து பார்த்த அறிவாகக் கையில் இருந்தது. 1870களின் நடுப்பகுதியில் ஆயிரம் ஏக்கரளவிலே இருந்த தேயிலைச் செய்கை, 1890களின் நடுப்பகுதியில் சுமார் 3 இலட்சம் ஏக்கராகப் பெருகியது. இவ்வளவு விரைவான மாற்றத்தைச் சாத்தியமாக்கியவற்றுள், எவரும் கேட்காத காலத்தில் 19 ஏக்கரில் செய்து வைத்த சோதனையும் ஒன்று.

இதனிடையே இன்னொரு படிப்பினையும் உண்டு. கோப்பி வீழ்ந்ததும் பலர் முதலில் பாய்ந்தது சிங்கோனாவின் மீதாகும். டெய்லர் போன்றோர் அளவாக வளர்த்துக் காட்டிய அந்த மரத்தை, ஏக்கர் கணக்கில் எல்லோரும் ஒரே வேளையில் நாட்டினர். 1880களின் நடுப்பகுதியில் பட்டை மலைமலையாகக் குவிந்தது. கொயினாவின் விலை அதே வேகத்தில் சரிந்தது. ஜாவாவின் உயர்தரப் பட்டையோடு போட்டியிட இயலாமல் இலங்கைச் சிங்கோனா சில ஆண்டுகளில் மறைந்தது. ஒரு நிச்சயத்தில் அடிபட்டவர்கள் அடுத்த நிச்சயத்தைத் தேடி ஓடிய கதை இது. பிழையை உணர்வது ஒன்று. அப்பிழையைச் செய்வித்த மனப்போக்கை உணர்வது வேறொன்று.

டெய்லரை நாம் குறையற்ற மனிதராகக் காட்ட முற்படவில்லை. துரைத்தனம் என்று இன்றும் நம் மக்கள் கசப்போடு குறிப்பிடும் அதிகார முறைமைக்குள்தான் அவரும் வாழ்ந்தார். அவருடைய சோதனைகளின் பின்னே பெயர் எழுதப்படாத நூற்றுக்கணக்கான தமிழ்க் கரங்கள் இருந்தன. கொழுந்தை உருட்டியவர்களும், நெருப்பின் முன்னே நின்று உலர்த்தியவர்களும் அவர்களே. தேயிலையின் முன்னோடி என்ற பட்டம் ஒருவருக்கே உரியதாயிருப்பது வரலாற்றின் நியாயமாகாது. அதே வேளை, தொழிலாளர்கள் அவரைச் சாமித் துரை என அழைத்ததாக வழங்கப்படும் செய்தியையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

அவருடைய முடிவும் மனத்தை வருத்துவது. 1891 இல் தோட்டத்துரைமார் சங்கம் தேயிலைக்கும் சிங்கோனாவுக்கும் அவர் ஆற்றிய பணியைப் பாராட்டி வெள்ளித் தேநீர்க் கலங்களைப் பரிசளித்தது. மறு ஆண்டே தோட்டத்தை நிர்வகித்தவர்கள் அவரை ஆறு மாத விடுப்பில் செல்லப் பணித்தனர். அவர் இணங்கவில்லை. பதவியிலிருந்து நீக்கப்பட்டார். நாற்பது ஆண்டுகள் உருவாக்கிய தோட்டத்தை விட்டு வெளியேறும் முன்பே, 1892 மே 2 ஆம் திகதி வயிற்றுளைவு நோயால் தம் பங்களாவிலேயே உயிர் நீத்தார். வயது 57. தொழிலாளர்கள் இரு குழுக்களாக மாறி மாறித் தோள்கொடுத்து, மலைப்பாதை வழியே அவருடைய உடலைக் கண்டிக்குச் சுமந்து வந்தனர். மஹய்யாவ மயானத்தில் அவருடைய கல்லறை இன்றும் இருக்கின்றது. எந்த மண்ணில் எது விளையும் என்று அவர் பொறுமையோடு ஆராய்ந்தார். அவரால் இனிப் பயனில்லை என்ற முடிவுக்கு வர, கணக்கேடுகளோடு இருந்தவர்களுக்கு அவ்வளவு பொறுமை தேவைப்படவில்லை.

அவருடைய காலம் முடிந்தாலும் அவர் காலத்துப் பாடம் முடிந்துவிடவில்லை. கோப்பி பெரும்பாலும் பருவகாலப் பயிர். அறுவடை முடிந்தால் தொழிலாளருள் பலர் ஊர் திரும்புவர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தரும் பயிர். அது தொழிலாளரை லயன் அறைகளில் நிரந்தரமாகக் குடியமர்த்தியது. தலைமுறைகள் பிறந்தன, இம்மண்ணுக்கே உரமாயின. ஆயினும் இவர்கள் வந்து போகின்றவர்கள் என்ற கோப்பிக் கால நம்பிக்கை ஆட்சியாளர்களின் மனத்தில் மாறாமலே இருந்தது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அம்மக்களுள் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. 1964 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரை எண்ணிக்கையாக்கி, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரின் தலைவிதி பின்னொரு நாளுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அம்மக்களிடம் அவர்கள் விருப்பம் முன்கூட்டிக் கேட்கப்படவில்லை. நாடற்றோர் பிரச்சினையைத் தீர்க்க 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தவறான கணிப்பொன்றைத் திருத்த ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. பிரிந்த குடும்பங்களை எச்சட்டமும் சேர்த்து வைக்கவில்லை.

பயிரைப் பொறுத்தவரையில், கோப்பியின் பாடத்தை இந்நாடு ஒருமுறை நன்றாகவே கற்றுக்கொண்டது. 1925 இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. பின்னர் அது தலவாக்கலையில் நிலைகொண்டது. 1946 ஆம் ஆண்டில் கொப்புள நோய் தேயிலையைத் தாக்கிய போது, அதை ஆராய்வதற்கென நிபுணர்கள் மலையிலேயே இருந்தனர். மருந்து தெளிப்பு முறைகளும் நோயைத் தாங்கும் செடி இனங்களும் வளர்த்தெடுக்கப்பட்டன. கோப்பிக்கு நேர்ந்த கதி தேயிலைக்கு நேரவில்லை. நோய் வந்த பின் ஆராய்ச்சியாளரை அழைப்பதற்கும், நோய் வருமென எண்ணி ஆராய்ச்சியாளரை வைத்திருப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவேயாகும்.

கற்ற பாடம் மறக்கப்படுவதும் உண்டு. 2021 மே மாதத்தில் இரசாயன உரங்களின் இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டது. இயற்கை உரத்துக்கு மாறுவது நல்ல நோக்கமே. பத்தாண்டுகளில் படிப்படியாகச் செய்வதாக வாக்களிக்கப்பட்ட ஒன்று, ஒரே வர்த்தமானி அறிவித்தலில் செய்து முடிக்கப்பட்டதுதான் வினையாயிற்று. விவசாய விஞ்ஞானிகள் பலர் விடுத்த எச்சரிக்கைகள் புறந்தள்ளப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில் தடை விலக்கிக்கொள்ளப்பட்ட போதிலும் பாதிப்பு நின்றுவிடவில்லை. 2021 இல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி, 2022 இல் சுமார் 25 கோடி கிலோவாக வீழ்ந்தது. அதற்கு முந்திய கால் நூற்றாண்டில் காணாத வீழ்ச்சி அது. எரிபொருள் தட்டுப்பாடும் பொருளாதார நெருக்கடியும் அதில் பங்குகொண்டன என்பது உண்மையே. ஆயினும் உரமிடாத செடி கொழுந்து தராது என்பதை அறிய எவரும் பேராதனைக்குச் செல்ல வேண்டியதில்லை. கூடையைத் தலையில் மாட்டி மலையேறும் பெண்ணைக் கேட்டிருந்தாலே போதும். நிறை குறைந்தால் அவளுக்கு விழுவது அரைப்பேர்.

உறுதியே கூடாது என்பது நம் வாதமன்று. உறுதியின்றி எவரும் விதை விதைப்பதில்லை. பத்தாண்டுகள் தேயிலையை வளர்த்துப் பார்த்த டெய்லரும் உறுதி மிக்கவரே. நாளைய காரியத்தைப் பேசும் ஒரு முஸ்லிம் இன்ஷா அல்லாஹ் என்று சேர்த்துச் சொல்கின்றார். ஒரு தமிழர் ஆண்டவன் சித்தமிருந்தால் என்கின்றார். அவ்வாறு சொல்வதனால் அவர்கள் காரியத்தில் தளர்வதில்லை. தம் கணிப்புக்கு அப்பாலும் உலகம் இருக்கின்றது என்பதை நாவுக்கு நினைவூட்டிக் கொள்கின்றார்கள். வீட்டில் வழங்கும் இந்தப் பணிவு, அமைச்சரவை மண்டபத்திலும் கம்பனிகளின் பணிப்பாளர் சபையிலும் தொழிற்சங்கப் பணிமனையிலும் காணப்படாமல் போவதேன் என்பதே நம் கேள்வி.

மலையகத்தின் எதிர்காலம் பற்றிய பெரிய தீர்மானங்கள் இன்றும் எடுக்கப்பட்ட வண்ணமே உள்ளன. தேயிலைக் காணியைப் பிரித்துக் கொடுப்பதா, வேறு பயிருக்கு மாறுவதா, சம்பளத்தை நிறையோடு இணைப்பதா, லயன்களுக்குப் பதிலாக எங்கே வீடு கட்டுவது என்ற ஒவ்வொன்றிலும் தமக்கு எல்லாம் தெரியும் என்போர் பலர் இருக்கின்றனர். அவர்களிடம் நாம் வேண்டுவது மூன்றே மூன்று. முதலில் சிறு அளவில் செய்து பாருங்கள். பாதகமான சான்று தென்பட்டால் அதை மறைக்காதீர்கள். தீர்மானம் பிழைத்தால் விலை கொடுக்கப் போகின்றவர்களைத் தீர்மானத்துக்கு முன்பே கேளுங்கள். லூல்கந்துரவில் 19 ஏக்கர் தேயிலை நாட்டப்பட்ட போது அதைப் பெரிதாக எண்ணியவர் சிலரே. அது பொய்த்திருந்தால் இழப்பு 19 ஏக்கரோடு நின்றிருக்கும். பொய்க்காததால், கோப்பியோடு மூழ்கியிருக்க வேண்டிய மலைநாடு மீண்டும் எழுந்து நின்றது.